ஒரே ஸ்டடி, 6 ஆஸ்பத்திரி, 6 எத்திக்ஸ் கமிட்டி: இதுக்கு ஒரு வழி இருக்கா?

கேஷுவாலிட்டி_காக்கா:

வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு வயித்தெரிச்சல் தாங்காம எழுதுறேன், நீளமா போனா மன்னிச்சிடுங்க.

நான் டெல்டா பக்கம் ஒரு அரசு மெடிக்கல் காலேஜ்ல மெடிசின்ல அசிஸ்டன்ட் ப்ரொஃபசர். பாம்புக்கடி பத்தி ஒரு ஸ்டடி ஆரம்பிச்சிருக்கோம், ஆரம்பிச்சிருக்கோம்னு சொல்லவே வெக்கமா இருக்கு, ஆரம்பிக்க பாக்குறோம்னு வெச்சுக்கங்க. மொத்தம் 6 சைட். எங்க காலேஜ், தர்மபுரி பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரி, ரெண்டு பிரைவேட் மெடிக்கல் காலேஜ், ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அப்புறம் பார்டர் தாண்டி சித்தூர் பக்கம் ஒண்ணு. புது மருந்து எதுவும் கிடையாது. வர்ற பேஷன்ட்டுக்கு வழக்கமா நடக்குற ட்ரீட்மென்ட்தான் நடக்கும், நாங்க கேஸ் ஷீட்ல இருந்து எத்தனை மணிக்கு கடிச்சுது, ஆஸ்பத்திரி வர எவ்ளோ நேரம் ஆச்சு, 20 நிமிஷ க்ளாட்டிங் டெஸ்ட் (ரத்தம் உறையுதான்னு பாக்குறது) என்ன ஆச்சு, ஏ.எஸ்.வி (விஷமுறிவு மருந்து) எத்தனை வயல் போச்சு, டயாலிசிஸ் வரைக்கும் போச்சான்னு எடுப்போம். 3 மாசம் கழிச்சு ஒரு ஃபோன், ஒரு தடவை நேர்ல வந்து கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்). கண்ணாடி விரியன் கடிச்சவங்களுக்கு கிட்னி அப்புறமா என்ன ஆகுதுன்னு யாரும் ஒழுங்கா தொடர்ந்து பாக்குறதில்ல, அதான் எங்க கேள்வியே.

எங்க ஐ.இ.சி (ஆராய்ச்சில சேர்றவங்களுக்கு பாதிப்பு இல்லையான்னு பாத்து அனுமதி குடுக்குற எத்திக்ஸ் கமிட்டி) மார்ச்சுல அப்ரூவல் குடுத்துட்டாங்க. இப்போ செப்டம்பர். இன்னும் ரெண்டே சைட்தான் முடிஞ்சிருக்கு. குறுவை அறுப்பு ஆரம்பிச்சாச்சு, கேஸ் வர ஆரம்பிச்சாச்சு, நேத்து நைட் டூட்டில மட்டும் மூணு பேர். இந்த சீசனை விட்டா அடுத்த வருஷம்தான், ஆனா ஃபண்டு மார்ச்சோட முடியுது.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். ஒரு இடத்துல 14 செட் ஸ்பைரல் பைண்டிங் கேட்டாங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் பி.ஐ (ஸ்டடியோட தலைமை ஆய்வாளர்) கையெழுத்து. இன்னொரு இடத்துல மீட்டிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, அதுக்கும் வக்கீல் மெம்பர் வரலன்னு கோரம் இல்லாம தள்ளி வெச்சாங்க. மூணாவது இடத்துல கன்சென்ட் ஃபார்ம்ல "நோயாளி"ன்னு போடாதீங்க "பங்கேற்பாளர்"னு போடுங்கன்னாங்க, சரின்னு மாத்தினேன், நாலாவது இடத்துல "பங்கேற்பாளர்னா கிராமத்துல யாருக்கு புரியும், நோயாளின்னே போடுங்க"ன்னாங்க. ஒரு இடத்துல மாத்தினா ஏற்கனவே அப்ரூவ் பண்ண இடத்துல அமெண்ட்மென்ட் போடணும். அங்க அதைப் பாத்துட்டு புதுசா ஒரு கேள்வி கேப்பாங்க. செக்கு மாடு மாதிரி சுத்திட்டு இருக்கேன்.

வார்த்தையைக்கூட விடுங்க, இதான் பெரிய தலைவலி: கட்டுவிரியன் கடிச்சு வென்டிலேட்டர்ல இருக்குறவர்கிட்ட கையெழுத்து வாங்க முடியாது. ஒரு கமிட்டி, சொந்தக்காரங்க கையெழுத்து போதும்ன்றாங்க. இன்னொண்ணு, அவர் தேறினதும் அவர்கிட்டயே திரும்ப வாங்கணும்ன்றாங்க. இன்னொண்ணு, கையெழுத்து போட முடியாதவங்களை சேர்க்கவே கூடாதுன்றாங்க. வந்த அரை மணி நேரத்துல செத்துப்போறவங்களையும் வென்டிலேட்டர்ல இருக்குறவங்களையும் ஒரு சைட்ல சேர்த்து இன்னொரு சைட்ல சேர்க்கலன்னா அந்த டேட்டாவை வெச்சு நான் என்ன எழுதுறது? அந்த சைட்ல பாம்பு கடிச்சு யாருமே சாகலன்னு எழுதவா?

இத்தனைக்கும் 2024 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல பாம்புக்கடி நோட்டிஃபையபிள். ஒவ்வொரு கேஸையும் அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் பண்ணணும், அதுக்கு எந்த கமிட்டியும் கிடையாது. அதே விவரத்தை ஆராய்ச்சின்னு எடுத்தா 6 கமிட்டி.

அமெரிக்காவுல எல்லாம் ஒரே ஐ.ஆர்.பி (அங்க எத்திக்ஸ் கமிட்டிக்கு பேரு) போதும்னு சட்டமே இருக்காமே. நம்ம 2019 ரூல்ஸ்லயும் 50 கிலோமீட்டருக்குள்ள இருந்தா வேற கமிட்டி அப்ரூவல் செல்லும்னு ஒரு சீனியர் சொன்னார். எங்க கமிட்டி அப்ரூவலையே மத்த 5 இடமும் ஏத்துக்க வைக்க முடியுமா? பண்ணவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.


ரூம்_நம்பர்_12:

14 செட்டா? குடுத்து வெச்சவர் சார் நீங்க. எங்க பி.ஜி தீசிஸுக்கே 16 கேட்டாங்க. மீட்டிங் முடிஞ்சு பாத்தா 11 செட் பிரிக்காமயே கட்டா கிடந்துச்சு, ஆபீஸ் அண்ணன் திரும்ப எடுத்துட்டு போக சொன்னார்.


மெம்செக்_புலம்பல்:

டாக்டர், நான் அந்தப் பக்கம் உக்காந்திருக்குற ஆள். ஒரு பிரைவேட் காலேஜ் ஐ.இ.சில 5 வருஷமா மெம்பர் செகரட்டரி, அதுக்குன்னு தனி சம்பளம் கிடையாது, என் டிபார்ட்மென்ட் வேலைக்கு மேல இது. திட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேளுங்க.

முதல்ல அந்த 50 கிலோமீட்டர். உங்க சீனியர் ரெண்டு விஷயத்தை போட்டு குழப்பிட்டார். 2019 நியூ ட்ரக்ஸ் அண்ட் க்ளினிக்கல் ட்ரையல்ஸ் ரூல்ஸ்ல அது இருக்குறது மருந்து ட்ரையலுக்கு. ட்ரையல் நடக்குற சைட்ல சொந்த கமிட்டியே இல்லன்னா அதே ஊர்லயோ 50 கிலோமீட்டர் சுத்தளவுலயோ இருக்குற கமிட்டி பாத்து குடுக்கலாம்னு அர்த்தம். உங்களோடது அப்சர்வேஷனல் ஸ்டடி, மருந்து ட்ரையல் கிடையாது, உங்க 6 சைட்லயும் கமிட்டி இருக்கு. அதனால அந்த ரூல் உங்களுக்கு ஒட்டவே ஒட்டாது. உங்களுக்கு பொருந்துறது ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 கைட்லைன்ஸ். ஒண்ணு மட்டும் மறக்காம பாத்துக்கங்க, 6 கமிட்டியும் டி.எச்.ஆர்ல (மத்திய அரசோட சுகாதார ஆராய்ச்சித் துறை) பதிவாகி இருக்கான்னு. ட்ரையல் பாக்குற கமிட்டி சி.டி.எஸ்.சி.ஓல (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதியணும், உங்க மாதிரி ஆராய்ச்சி பாக்குறது டி.எச்.ஆர்ல பதியணும். ரெனியூவல் விட்டுப்போன கமிட்டி குடுத்த லெட்டரை வெச்சுட்டு அப்புறம் ஜர்னல்ல மாட்டினவங்களை எனக்கு தெரியும்.

இப்ப உங்க மெயின் கேள்வி. 2017 கைட்லைன்ஸ்லயே காமன் ரிவ்யூன்னு இருக்கு. ரிஸ்க் கம்மியான மல்டி சென்டர் ஸ்டடின்னா எல்லா சைட்டும் சேர்ந்து ஒரு கமிட்டியை மெயினா வெச்சுக்கலாம், மத்த கமிட்டில இருந்து ஆள் அனுப்பி சேர்ந்து உக்காந்தும் பாக்கலாம். லோக்கல் கமிட்டி அந்த ஊருக்கு வேண்டியதை மட்டும் பாக்கும், அப்புறம் நடக்குறதை கண்காணிக்கும். 2020 ஏப்ரல்ல கோவிட் சமயத்துக்குன்னு தனியா வந்த கைட்லைன்ஸும் இதைத்தான் சொல்லிச்சு. ஆனா "செய்யலாம்"னுதான் இருக்கு, "செய்யணும்"னு இல்ல. அந்த ஒத்த வார்த்தைலதான் எல்லாம் நிக்குது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, பேஷன்ட் வீட்டுக்காரங்க கேட்டுக்கு முன்னாடி வந்து நின்னா, இன்ஸ்பெக்ஷன் வந்தா, "தஞ்சாவூர்ல பாத்துட்டாங்க சார்"னு எங்க டீன் சொல்ல முடியாது. அப்ப என்னைத்தான் கூப்பிடுவார். பயம்னு சொன்னா பயம்தான், ஒத்துக்கிறேன்.

அப்புறம் ரிப்போர்ட்டிங் பத்தி. நோட்டிஃபிகேஷன்ல கடி எங்க அதிகம்னு, மருந்து எங்க பத்தலன்னு பாக்க அரசாங்கம் சட்டப்படி கேக்குது. நீங்க 3 மாசம் கழிச்சு ஒருத்தரை ஃபோன்ல கூப்பிட்டு, வேலைக்கு போறீங்களா, கடன் எவ்ளோ வாங்கினீங்கன்னு கேக்கப்போறீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல.

ஆனா ஒண்ணு. நோயாளியா பங்கேற்பாளரான்னு அடிச்சுக்கிட்டது அநியாயம்தான். எங்க கமிட்டியும் அதைப் பண்ணியிருக்கு. மீட்டிங்ல புரோட்டோகாலை முழுசா படிக்காம வர்றவங்க கடைசி அஞ்சு நிமிஷத்துல கன்சென்ட் ஃபார்மைப் புரட்டி ஒரு வார்த்தையை பிடிச்சுப்பாங்க, ஏதாச்சும் சொல்லணும்ல.


கோஆர்டினேட்டர்_அக்கா:

தம்பி, நான் 11 வருஷமா சைட் கோஆர்டினேட்டர், மருந்து கம்பெனி ட்ரையலும் பாத்திருக்கேன் உங்களை மாதிரி காசில்லாத அகாடமிக் ஸ்டடியும் பாத்திருக்கேன். மெம்செக் சார் சொன்னது சரி, ஆனா அதை வெச்சு இந்த சீசன்ல உங்களுக்கு காமன் ரிவ்யூ நடக்காது. 6 இன்ஸ்டிடியூஷன் சேர்ந்து எம்.ஓ.யூ (ஒப்பந்தம்) போடணும், ஒவ்வொண்ணும் லீகலுக்கு போகும், அரசு காலேஜ்னா மேலிடம் வரைக்கும் போகும். எத்திக்ஸை விட அது இழுக்கும். அடுத்த ஸ்டடிக்கு இப்பவே பேச ஆரம்பிங்க, இதுக்கு வேற வழி சொல்றேன்.

உங்க தப்பு எங்கன்னா கன்சென்ட் ஃபார்மை ஒரே முழு டாகுமென்ட்டா வெச்சிருக்கீங்க. அதை ரெண்டா உடைங்க. முதல் பாகம் மாஸ்டர், ஸ்டடி என்ன, எதுக்கு, என்ன பண்ணுவோம், என்ன சிரமம், வேணாம்னா எப்ப வேணாலும் விலகலாம், ட்ரீட்மென்ட் பாதிக்காது. இது 6 சைட்லயும் ஒரே வரி, ஒரே புள்ளி. ரெண்டாவது பாகம் ஒரே ஒரு பக்கம், சைட் பேஜ். அதுல அந்த ஊர் டாக்டர் பேரு, ஃபோன், கமிட்டி செகரட்டரி ஃபோன், பஸ் காசு எவ்ளோ குடுப்பீங்க, திரும்ப எங்க வரணும், லோக்கலா அவங்க எதாச்சும் சேர்க்க சொன்னா அதுவும் அந்த பக்கத்துலயே. அப்ப ஒரு கமிட்டி ஏதாச்சும் மாத்தினா அந்த ஒத்த பக்கத்தோட போயிடும், மத்த 5 இடத்துல அமெண்ட்மென்ட் போட வேண்டியதில்ல. புரியுதா?

வென்டிலேட்டர் விஷயத்துக்கு: சேர்க்கலாம்னு சொன்ன கமிட்டிகள்ல யார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டோ அவங்க சொன்னதை மாஸ்டர்லயே போட்டுடுங்க. முதல்ல சொந்தக்காரங்க கையெழுத்து, தேறினதும் பேஷன்ட் கையெழுத்து, அவர் வேணாம்னா டேட்டாவை எடுத்துடுவோம்னு. இதுக்கு பெரும்பாலும் எந்த கமிட்டியும் இல்லைன்னு சொல்லாது. வந்ததும் செத்துப்போறவங்களுக்கு தனியா வெய்வர் (கன்சென்ட் வாங்குறதுல இருந்து விலக்கு) கேளுங்க, பேரு அட்ரஸ் இல்லாம கேஸ் ஷீட் விவரம் மட்டும்னு. "சேர்க்கலன்னா இந்த ஸ்டடில சாவு எண்ணிக்கை பொய்யாயிடும்"னு நீங்க இங்க எழுதினதை அப்படியே லெட்டர்ல எழுதுங்க, நல்லா இருக்கு. குழந்தைங்களும் கடி வாங்கி வருவாங்கல்ல, 7ல இருந்து 12 வயசு வரை வாயால சம்மதம், அதுக்கு மேல 18 வரை எழுத்துல, அதான் அசென்ட், அந்த ஃபார்ம் ரெடியா இருக்கா? நிறைய பேர் இதை மறந்துட்டு ஒரு மீட்டிங்கை விடுவாங்க.

சப்மிஷனுக்கு ஐ.சி.எம்.ஆர் 2019ல காமன் ஃபார்ம்ஸ் விட்டாங்க. அதுல ஃபில் பண்ணுங்க, எந்த கமிட்டியும் எங்க ஃபார்மட்லதான் வேணும்னா பணிவா கேளுங்க, பாதி பேர் ஒத்துக்குவாங்க. கூடவே உங்க கமிட்டி அப்ரூவல் லெட்டர் மட்டும் வெக்காதீங்க, உங்க கமிட்டி என்னென்ன கேள்வி கேட்டுச்சு நீங்க என்ன பதில் சொன்னீங்கன்றதையும் சேர்த்து வைங்க. ஏற்கனவே ஒருத்தர் கேட்ட கேள்வியை திரும்ப கேக்க கூச்சப்படுவாங்க. எக்ஸ்பிடைட்டட் ரிவ்யூன்னு (முழு கமிட்டி, அதாவது ஃபுல் போர்டு, கூடாம சில மெம்பர் மட்டும் சீக்கிரமா பாக்குறது) கவரிங் லெட்டர்ல முதல் வரில போடுங்க, ரிஸ்க் மினிமல்தான்னு ஏன் சொல்றீங்கன்னு மூணு வரில எழுதுங்க. நீங்க கேக்கலன்னா அவங்களா ஃபுல் போர்டுலதான் போடுவாங்க.

சி.டி.ஆர்.ஐல (ஸ்டடிகளைப் பதியுற இந்திய ரெஜிஸ்ட்ரி) எல்லா சைட்டும் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. முடிஞ்ச சைட்டை அப்ரூவ்டுன்னும் மத்ததை ரிவ்யூல இருக்குன்னும் போட்டு ரெஜிஸ்டர் பண்ணிட்டு, முடிஞ்ச இடத்துல ஆரம்பிங்க. ஆனா முதல் பேஷன்ட்டை சேர்க்குறதுக்கு முன்னாடி ரெஜிஸ்டர் பண்ணிடணும், 2018 ஏப்ரல்ல இருந்து லேட்டா போனா எடுத்துக்கறதில்ல.

அப்புறம் மெம்பர் செகரட்டரி ஆபீஸ்ல இருக்குற அந்த டைப்பிஸ்ட் அக்கா பேரு தெரியுமா உங்களுக்கு? தெரியலன்னா அதான் முதல் பிரச்சனை.


லே_மெம்பர்_வாத்தியார்:

நான் டாக்டர் இல்லை. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒரு ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டியில் லே பர்சன் (மருத்துவம் சாராத பொது ஆள்) என்று உட்கார வைத்திருக்கிறார்கள், டீயும் சமோசாவும் தருவார்கள். நான் எழுதுவது கொஞ்சம் வாத்தியார் தமிழாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கமிட்டி பார்க்கட்டும் என்று சொல்கிற டாக்டர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் எங்களிடமும் ஒரு பாம்புக்கடி ஸ்டடி வந்தது, உங்களுடையது இல்லை. பெரிய ஊரில் ஒரு பெரிய கமிட்டி பார்த்து முடித்தது, பேப்பரெல்லாம் கச்சிதம். அதில் வீட்டுக்கு ஃபோன் செய்து கேட்கும் கேள்வித்தாள் இருந்தது. முதல் கேள்வி, "உங்களுக்குப் பாம்பு கடித்து மூன்று மாதம் ஆகிறது, இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" நான் கை தூக்கினேன். எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள், பூச்சி என்றுதான் சொல்வார்கள். கடி வாங்கிப் பிழைத்த ஒரு பெண்ணை ராத்திரி ஏழு மணிக்குக் கூப்பிட்டு பாம்பு பாம்பு என்றால் அவள் ஃபோனை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கமிட்டியில் இருந்த டாக்டர்கள் சிரித்தார்கள். அப்புறம் அங்கேயே வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர் "சார் சொல்றது நிஜம்தான்" என்றதும் மாற்றினார்கள்.

இன்னொன்று, மூன்று மாதம் கழித்து நேரில் வரச் சொல்கிறீர்கள். அறுப்புக்குப் போகிற ஆள் ஒரு நாள் வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசு தனி. நீங்கள் கொடுப்பது பஸ் காசு மட்டும் என்றால் வசதி உள்ளவன்தான் வருவான், அப்புறம் கிட்னி எல்லாருக்கும் நன்றாக இருக்கிறது என்று எழுதுவீர்கள். இதைச் சென்னையில் உட்கார்ந்து யார் கேட்பார்கள்?

2010இல் ஆந்திராவில் கம்மம் பக்கம் எச்.பி.வி (கருப்பை வாய்ப் புற்றுநோய்) தடுப்பூசித் திட்டம் பாதியில் நின்றது நினைவிருக்கிறதா? சில மாணவிகள் இறந்தது ஊசியால் இல்லை என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். ஆனால் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்துக்குப் பதிலாக வார்டன் கையெழுத்து இருந்தது வெளியே வந்தது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாக எழுதியது. பேப்பர் அளவில் அனுமதி எல்லாம் இருந்த திட்டம்தான் அது. பழங்குடி ஹாஸ்டலில் எந்த வீட்டுப் பிள்ளைகள் தங்குகிறார்கள், அப்பா அம்மா எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருவார்கள் என்று தெரிந்த ஒரு ஆள் மேஜையில் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

14 செட் வேண்டாம், அதற்கு நானும் கை தூக்குகிறேன். எனக்கு பி.டி.எஃப் போதும், பேரன் டேப்லெட் கொடுத்திருக்கிறான்.


மான்செஸ்டர்_மழை:

மதுரைக்காரன், இங்க இங்கிலாந்துல என்.எச்.எஸ்ல (அரசு மருத்துவ சேவை) ரிசர்ச் பக்கம் இருக்கேன். இங்கயும் ஒரு காலத்துல இதே கூத்துதான் நடந்துச்சு. மல்டி சென்டர் ஸ்டடிக்குன்னு 1997ல தனி கமிட்டி கொண்டு வந்தாங்க, ஆனா அதுக்கு அப்புறமும் ஒவ்வொரு ஊர் லோக்கல் கமிட்டியும் தன் பங்குக்கு திரும்ப பாத்துட்டு இருந்துச்சு. 2004ல ட்ரையல் சட்டம் வந்தப்புறம்தான் ஒரு ட்ரையலுக்கு நாடு முழுக்க ஒரே கமிட்டி முடிவு, 60 நாளுக்குள்ள சொல்லணும்னு ஆச்சு. 2008ல ஐராஸ்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம், ஒரு தடவை ஃபில் பண்ணா எல்லா இடத்துக்கும் அதுவே. 2011 கடைசில ஹெச்.ஆர்.ஏன்னு தனி அமைப்பு, 2016ல எத்திக்ஸும் மத்த சட்ட செக்கிங்கும் சேர்ந்து ஒரே அப்ரூவல்.

இதுல நான் பாத்த முக்கியமான விஷயம் என்னன்னா எத்திக்ஸ் ஒண்ணான உடனே ஸ்பீடு வந்துடல. அடைப்பு வேற பைப்புக்கு மாறிச்சு, அவ்ளோதான். எல்லா ஆஸ்பத்திரிலயும் ஆர் அண்ட் டி ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு, ஆள் இருக்கா, பெட் இருக்கா, ஃபார்மசி முடியுமா, காண்ட்ராக்ட்ல யார் கையெழுத்துன்னு அவங்க பாக்கணும். அங்கதான் மாசக்கணக்குல கிடக்கும். அதுக்குத்தான் மாடல் அக்ரிமென்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுல ஒரு வரியைக்கூட மாத்தாம கையெழுத்து போடணும்னு. லாயருங்களுக்கு அது பிடிக்கல, ஆனா எங்களுக்கு உயிர் வந்துச்சு. கோஆர்டினேட்டர் அக்கா எம்.ஓ.யூ பத்தி சொன்னதைப் படிச்சப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. ஐ.சி.எம்.ஆரோ டி.எச்.ஆரோ கமிட்டிகளுக்கு நடுவுல போடுற ஒரே ஒரு ரெடிமேட் ஒப்பந்தத்தை குடுத்து இதை அப்படியே போடுங்கன்னு சொன்னா பாதி பிரச்சனை போயிடும்னு எனக்கு தோணுது.

அமெரிக்கா கதை கேட்டீங்க. என்.ஐ.எச் (அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) காசுல நடக்குற மல்டி சைட் ஸ்டடிக்கு 2018 ஜனவரில இருந்து ஒரே ஐ.ஆர்.பி, மத்த ஃபெடரல் ஃபண்டு ஸ்டடிகளுக்கு 2020 ஜனவரில இருந்து. ஆனா அது அந்த நாட்டுக்குள்ள இருக்குற சைட்டுக்குத்தான். அங்க அவங்க முதல்ல பண்ணது ரிலையன்ஸ் அக்ரிமென்ட் (ஒரு கமிட்டி முடிவை மத்தவங்க ஏத்துக்கிற ஒப்பந்தம்), ஸ்மார்ட் ஐ.ஆர்.பின்னு 2016ல நூத்துக்கணக்கான இன்ஸ்டிடியூஷன் சேர்ந்து கையெழுத்து போட ஒரே ஒரு பேப்பர். அது இல்லாம சட்டம் மட்டும் வந்திருந்தா திண்டாடியிருப்பாங்க.

வாத்தியார் ஐயா சொன்ன பூச்சி விஷயம் சூப்பர். எங்க அப்பத்தா "ராசா, அந்தப் பக்கம் போகாத, பூச்சி கிடக்கும்"னுதான் சொல்லும்.


மெம்செக்_புலம்பல்:

வாத்தியார் ஐயா சொன்னதுக்கு நான் குறுக்க பேசல, அது நியாயம். ஆனா அந்த மாதிரி கேள்வி எத்தனை தடவை வருதுன்னு நேர்மையா பாக்கணும். அமெரிக்காவுல டி.பி ட்ரையல் நடத்துற ஒரு குழு, 25 சைட்ல ஒவ்வொரு ஐ.ஆர்.பியும் ஒரே கன்சென்ட் ஃபார்மை எப்படி மாத்துச்சுன்னு எண்ணிப் பாத்து 2003ல எழுதினாங்க. அப்ரூவலுக்கு பாதி சைட்டுக்கு மேல 100 நாள் தாண்டிச்சு. ஒரு ஃபார்முக்கு நாப்பதுக்கு மேல திருத்தம். அதுல பெரும்பாலானது அர்த்தமே மாறாத வார்த்தை மாத்தம், உங்க நோயாளி பங்கேற்பாளர் கதைதான். அதை விட மோசம், திருத்தினதுல புதுசா தப்பு புகுந்துச்சு, படிக்க இன்னும் கஷ்டமாச்சு. எங்க கமிட்டில அந்த பேப்பரைப் பத்தி ஒரு தடவை பேசினேன், எல்லாரும் தலையாட்டினாங்க, அடுத்த மீட்டிங்ல "ஆய்வு"ன்னு போடணுமா "ஆராய்ச்சி"ன்னு போடணுமான்னு 20 நிமிஷம் போச்சு.

எனக்கு படுறது இதுதான். புரோட்டோகால் சரியா, ரிஸ்க் என்ன, வென்டிலேட்டர் பேஷன்ட்கிட்ட எப்படி கன்சென்ட், இறந்தவங்க டேட்டா எடுக்கலாமா, இதெல்லாம் ஊருக்கு ஊர் மாற வேண்டிய விஷயமே கிடையாது. இதுல 6 கமிட்டி 6 பதில் சொன்னா அதுல அஞ்சாச்சும் தப்பு. இதை ஒரு கமிட்டி ஒழுங்கா பாக்கட்டும், மத்த கமிட்டில இருந்து ஒருத்தர் ஆன்லைன்ல வந்து உக்காரட்டும். பூச்சியா பாம்பா, கூலி எவ்ளோ, ஃபோனை யார் எடுப்பாங்க, இந்த டாக்டருக்கு இந்த வேலைக்கு நேரம் இருக்கா, இதை அந்தந்த ஊர் பாக்கட்டும், அதுக்கு ஃபுல் போர்டு எதுக்கு, ஒரு பக்கம் போதும். இப்ப நடக்குறது என்னன்னா எல்லாரும் முதல் வேலையையே திரும்பத் திரும்ப பண்றோம், ரெண்டாவது வேலைக்கு நேரம் இல்ல.

முடியாதுன்னும் சொல்ல முடியாது. 2020ல ஐ.சி.எம்.ஆர் கோவிட் பிளாஸ்மா ட்ரையலை (குணமானவங்க பிளாஸ்மாவை பேஷன்ட்டுக்கு ஏத்திப் பாத்தது) 39 ஆஸ்பத்திரில நடத்துச்சு, ஏப்ரல் 22ல ஆரம்பிச்சு ஜூலை 14க்குள்ள 464 பேரை சேர்த்துட்டாங்க. அது ரேண்டமைஸ்டு ட்ரையல் (யாருக்கு எந்த ட்ரீட்மென்ட்னு குலுக்கல் மாதிரி பிரிக்கிறது), உங்களோடதை விட எவ்ளோ ரிஸ்க். அப்ப எங்க கமிட்டியே வாரத்துக்கு ரெண்டு தடவை வீடியோல கூடிச்சு, ஒருத்தரும் ஸ்பைரல் பைண்டிங் கேக்கல. கோவிட் முடிஞ்சதும் முதல் வேலையா ஹார்டு காப்பிக்கு திரும்பிட்டோம்.

டாக்டர், ஒரு வேலை பண்ணுங்க. உங்க மெம்பர் செகரட்டரியை விட்டு மத்த மெம்பர் செகரட்டரிகளுக்கு நேரா ஃபோன் பண்ண சொல்லுங்க, நீங்க பண்ணாதீங்க. கமிட்டிகள் தங்களுக்குள்ள பேசிக்கணும்னு ஐ.சி.எம்.ஆர் கைட்லைன்ஸ்லயே இருக்கு, ஒரு கமிட்டி மறுத்தா ஏன்னு மத்த கமிட்டிக்கு தெரியணும்னும் இருக்கு. யாரும் பண்றதில்ல. நாங்க பேசிக்கிட்டா அரை மணி நேரத்துல முடியும், பி.ஐ நடுவுல நின்னு லெட்டர் தூக்கினா அரை வருஷம்.


கேஷுவாலிட்டி_காக்கா:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், கோச்சுக்காதீங்க, சீசன்.

அக்கா சொன்ன மாதிரி ஃபார்மை ரெண்டா உடைச்சேன். சைட் பேஜ் ஒரே பக்கம். எங்க மெம்பர் செகரட்டரி மேடம் முதல்ல "நான் எதுக்கு கூப்பிடணும்"னாங்க, அப்புறம் இந்த த்ரெட்டை ஃபோன்லயே காட்டினேன், படிச்சிட்டு சிரிச்சுட்டே ரெண்டு பேரை அங்கயே கூப்பிட்டாங்க. அதுல ஒருத்தர் அவங்களோட பி.ஜில கூடப் படிச்சவராம். எனக்கு 4 மாசமா வராத பதில் அன்னிக்கு சாயங்காலம் வந்துச்சு, சந்தோஷப்படுறதா அழுறதான்னே தெரியல.

இப்ப 5 சைட் ஓகே. அதுல மூணு எக்ஸ்பிடைட்டட்ல முடிஞ்சுது. செத்தவங்களுக்கு வெய்வர் நாலு இடத்துல குடுத்துட்டாங்க, ஒரு கமிட்டி மட்டும் இன்னும் யோசிக்கிறாங்க. சி.டி.ஆர்.ஐ நம்பர் வந்துடுச்சு, இதுவரைக்கும் 31 பேரை சேர்த்திருக்கோம். முதல் பேஷன்ட் ஒரு அம்மா, நாத்து கட்டை தூக்கும்போது கையில கடி. கன்சென்ட் படிச்சு காட்டினப்ப "எல்லாம் சரி தம்பி, திரும்ப வர்ற அன்னிக்கு கூலி குடுப்பியா"ன்னு அதைத்தான் முதல்ல கேட்டாங்க. வாத்தியார் ஐயா, உங்களை நினைச்சுக்கிட்டேன். மாஸ்டர்ல போடல, சைட் பேஜ்ல ஒவ்வொரு ஊர் கூலியும் தனித்தனியா போட்டிருக்கோம். ஃபோன் கேள்வித்தாள்ல பூச்சின்னு மாத்திட்டோம்.

14 செட் கேட்ட இடத்துல மட்டும் இன்னும் 14 செட்தான். அது மாறல.

ஆறாவது சைட் சித்தூர். அங்க கமிட்டிக்கு பிரச்சனை இல்ல, தெலுங்கு ஃபார்மும் பேக் ட்ரான்ஸ்லேஷன் (திரும்ப மூல மொழிக்கு மாத்தி சரிபாக்குறது) சர்டிஃபிகேட்டும்தான் பாக்கி. ஃபார்ம் முடிஞ்சிடுச்சு, ஃபோன் கேள்வித்தாள்லதான் நிக்குது. ட்ரான்ஸ்லேட் பண்ணவர் ஹைதராபாத்துக்காரர், "பாமு"ன்னு போட்டிருக்கார். அங்க கிராமத்துல ராத்திரில என்ன சொல்வாங்கன்னு யாருக்காவது தெரியுமா?


கோஆர்டினேட்டர்_அக்கா:

எங்க அம்மா வீடு அந்தப் பக்கம்தான் தம்பி. அங்கயும் பூச்சிதான், தெலுங்குல "புருகு"ன்னு சொல்வாங்க. ஆனா நான் சொன்னேன்னு போட்டுடாதீங்க, அந்த கமிட்டி லே மெம்பர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க. 31 பேர்ல குழந்தைங்க எத்தனை? அசென்ட் ஃபார்ம் எல்லாத்துலயும் தேதி இருக்கான்னு இன்னிக்கே ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க.